மாலாவுக்குப் பெயர் மாற்றிய மாதம்

கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலின் பெயரை மாற்றுவதைப் போல எளிதான வேலை எங்கள் தொழிலில் வேறு கிடையாது. அதற்குப் பிறகு வரும் வேலைகளைப் பற்றித்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு அலுவலகத்தின் நடுவில், ஆட்கள் வந்து போய்க்கொண்டிருக்கும்போதே, டேபிள் என்று நாங்கள் சொல்லும் விவர ஃபைலின் பெயரையும் அதன் இண்டெக்ஸின் பெயரையும் மாற்றிய அனுபவம் உங்களில் யாருக்காவது இருந்தால் கையைக் கொடுங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

நான் இதைச் செய்தது எண்பதுகளின் கடைசியில், திருவண்ணாமலையில், ஒரு சமையல் கேஸ் ஏஜென்சியில். தேரடித் தெருவுக்குப் பின்னால் கடை. முதலாளி கரீம் பாய். கவுண்டரில் பச்சையப்பன் சார். சிலிண்டர் வண்டியில் ஏழுமலை. கம்ப்யூட்டருக்கு நான், கலா. வேங்கிக்காலிலிருந்து சைக்கிளில் வருவேன். அப்போது வேங்கிக்கால் பாதிக்கு மேல் வயல்தான். கணக்கில் பட்டம் வாங்கி, வேலூரில் தங்கி கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்திருந்தேன். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று என் அப்பாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. கேட்பவர்களிடம், "கேஸ் கம்பெனில டைப் அடிக்குது" என்று சொல்லி முடித்துவிடுவார். இதை எழுத உட்கார்ந்தபோது யோசித்துப் பார்த்தேன். எனக்கும் முழுக்க விளங்கியதாகச் சொல்ல முடியாது.

மூன்று பெண்கள் இருந்த அறை

எங்களுக்குப் புரோகிராம் எழுதிக் கொடுத்தவர் ஒரு வேலூர்க்காரர். எழுதி முடித்த கையோடு துபாய்க்குப் போய்விட்டார். கெட்டிக்காரர், ஆனால் பாசக்காரர். கேஸ் இணைப்பு வைத்திருக்கும் வாடிக்கையாளர்களின் விவரம் இருந்த ஃபைலுக்குத் தன் மூத்த மகள் பெயரை வைத்து சுமதி என்றார். சிலிண்டர் பதிவுக்கு ரேவதி. புது இணைப்புக்காகக் காத்திருப்பவர்களுக்குக் கடைசி மகள் மாலா. ஒவ்வொரு ஃபைலிலும் ஆளைச் சீக்கிரம் கண்டுபிடிக்க உதவும் சின்ன ஃபைல் ஒன்று உண்டு, அதுதான் இண்டெக்ஸ். அவற்றுக்கு வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயர்கள்: சுமி, ரேவு, மாலு. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஏதோ முன்பின் தெரியாத குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு வந்த மாதிரி இருந்தது. யாருக்கு யார் என்ன உறவு என்று புரியவே இல்லை.

கம்ப்யூட்டர் இருந்த அறை கவுண்டருக்குப் பின்னால். ஏ.சி. போட்டு, ஜன்னலை எல்லாம் செங்கல் வைத்து அடைத்து, வாசலில் கனமான திரை தொங்கவிட்டிருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். காலையில் பச்சையப்பன் சார் உட்கார்ந்து வேலை பார்ப்பார், மதியம் நான். அவர் உள்ளே இருந்தால் சத்தம் போட்டுத்தான் பேசுவார். ஒருநாள், "கலாம்மா, மாலா தொறக்க மாட்டேங்குது! சுமதி நடுவுல நின்னுக்குனு இருக்குது!" என்று கத்தினார். கவுண்டரில் வெகு நேரமாக நின்றுகொண்டிருந்த பெரியவர் ஒருவர் திரையை முறைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "மூணு பொண்ணுங்கள உள்ள குளுகுளுன்னு ஒக்கார வெச்சுட்டு, தூக்கியார ஆளு இல்ல, சிலிண்டர் லேட்டாவும்னு சொல்றீங்களேம்மா, இது ஞாயமா?"

மலையைக் காட்டுவார்கள்

எங்கள் ஊரில் கேஸ் இணைப்பு பெரும்பாலும் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். ஏஜென்சிக்கு வருவது வீட்டுக்காரி. அந்தக் காலத்தில் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள், மாமனார் பெயரை நினைக்கவே மாட்டார்கள். பெயர் கேட்டால் எங்கள் கவுண்டருக்கு எதிரே தெரியும் மலையைக் கையால் காட்டுவார்கள். "அவரு பேருதான்." அதற்கு அண்ணாமலை என்றும் அர்த்தம், அருணாசலம் என்றும் அர்த்தம், சோணாசலம் என்றும் அர்த்தம். திருவண்ணாமலையில் ஆண்களில் முக்கால்வாசிப் பேருக்கு இந்த மூன்றில் ஒன்றுதான் பெயர். பச்சையப்பன் சார் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வருவார், அந்த அம்மா தலையாட்டும் இடத்தில் நிறுத்திக்கொள்வார். விலாசத்தைப் பார்த்துப் பிரிக்கலாம் என்றால், மாலாவில் விலாசத்துக்கு வேலூர்க்காரர் விட்ட இடத்தில் ஊர்ப் பெயர் மட்டும்தான் அடங்கும். தெருவும் கதவு எண்ணும் வெளியே நின்றன.

சாவித்திரி அப்படித்தான் வந்தார். அடி அண்ணாமலையிலிருந்து டவுன் பஸ். முப்பது வயதுக்குள்தான் இருக்கும், ஆனால் கவுண்டரின் இரண்டு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கும். இழுப்பு. இனி விறகு அடுப்புப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலை. ஊருக்கு வருவதே அபூர்வம். புது இணைப்புக்குப் பதிந்து பல வருஷம். பதிந்த ரசீதைக் கரையான் தின்று, எங்கள் கடை முத்திரை மட்டும் மிச்சம் இருந்தது. அந்த மாதம் கம்பெனியிலிருந்து கொஞ்சம் புது இணைப்புகள் வந்திருந்தன. மாதம் முடிவதற்குள் பதிவு வரிசைப்படி கொடுத்து முடிக்க வேண்டும். மிச்சம் இருந்தால் கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ளும், அடுத்து எப்போது வரும் என்று ஆண்டவனுக்கே தெரியாது. "உங்க வருஷத்துக்காரங்களுக்கு இந்த வாட்டி உண்டும்மா" என்றார் பச்சையப்பன் சார். சாவித்திரி மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு எங்களைப் பார்த்துச் சொன்னார்: "எம் பொண்ணு பொறக்கறதுக்கு முன்னாடி எழுதி வெச்சது சார், இப்ப அவளே அடுப்பு ஊதறா. அவளுக்கும் இழுப்பு வர்றதுக்குள்ள குடுத்துடுங்க."

பெயர் சூட்டு விழா

கம்பெனி ஆபீசர் மாதக் கடைசியில் சென்னையிலிருந்து சோதனைக்கு வருவார் என்று தகவல் வந்தது. கரீம் பாய் அன்று முதல்முறையாகத் திரைக்கு உள்ளே வந்து நின்று பார்த்தார். நேரம் பார்த்து கம்ப்யூட்டரில் 'சுமதி காணவில்லை' என்று ஆங்கிலத்தில் எழுத்து வந்தது. பாய் முகம் சிவந்துவிட்டது. "ஆபீசர் இதைப் பாத்தா நம்மளப் பத்தி என்னா நெனைப்பாரும்மா? பொம்பளப் புள்ளைங்க பேரெல்லாம் வேணாம். மரியாதையா வேற பேரு வெச்சுடு. அப்டியே செத்தவங்க, ஊரை விட்டுப் போனவங்க, இணைப்பு வாங்கினவங்க எல்லாரையும் எடுத்துடு. வீடு சுத்தமா இருக்கட்டும்" என்றார்.

பாய் சொன்னால் சொன்னதுதான். சுமதி வாடிக்கை ஆனாள், ரேவதி பதிவு ஆனாள், மாலா காத்து ஆனாள். காத்திருப்போர் என்று முழுதாக வைக்கத்தான் ஆசை, ஆங்கிலத்தில் எட்டு எழுத்துக்கு மேல் அந்த மிஷின் ஏற்காது. பச்சையப்பன் சார் பஞ்சாங்கத்தைப் பார்த்து, ராகு காலம் கழியட்டும் என்று என்னைக் காக்க வைத்தார். அதற்குள் பழைய ஃபைல்களை ஒரு பிளாப்பியில் நகல் எடுத்து வைத்துக்கொண்டேன். அப்புறம் பெயர்களை மாற்றினேன், இண்டெக்ஸ்களின் பெயர்களையும் மாற்றினேன், பாய் சொன்ன ஆட்களை நீக்கினேன், புரோகிராம்களைத் திறந்து சுமதி என்று வந்த இடமெல்லாம் வாடிக்கை என்று திருத்தினேன். எல்லாம் நல்லபடியாக முடிந்த மாதிரி இருந்தது. பச்சையப்பன் சாருக்கு மட்டும் மனசு ஆறவில்லை. மானிட்டரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பேரு வெச்சா காதுல மூணு தடவ சொல்லணும்மா, அப்பதான் அதுக்குத் தன் பேரு தெரியும். இதுக்குக் காது எங்க இருக்குது?"

நாற்காலி மாறி உட்கார்ந்தவர்கள்

மறுநாளிலிருந்து ஏழுமலை தலையில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தான். சீட்டில் இருக்கும் விலாசத்துக்குப் போனால் அந்த வீட்டில் யாரும் சிலிண்டர் கேட்கவில்லை. கேட்ட வீட்டுக்குப் போகவே இல்லை. நான் கமலா என்று அடித்தால் மானிட்டரில் காதர் வந்தார். காதரைத் தேடினால் காளியப்பன் வந்தார். காளியப்பனைத் தேடிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பௌர்ணமி வேறு. கிரிவலக் கூட்டத்தில் வண்டி செங்கம் ரோட்டில் மாட்டிக்கொண்டது. ஏழுமலை தெரியாத வீடுகளின் வாசலில் நின்று, "நீங்க சிலிண்டர் கேட்டீங்களா? கேக்கலியா? சரி, கேக்கறீங்களா?" என்று வியாபாரம் பண்ணும் நிலைக்கு வந்துவிட்டான்.

விஷயம் இதுதான். இண்டெக்ஸில் ஆள் இருக்க மாட்டார், கமலா இத்தனையாவது நாற்காலி என்ற குறிப்பு மட்டும்தான் இருக்கும். பழைய ஆட்களை எழுப்பி அனுப்பியதும் மற்றவர்கள் எல்லோரும் முன்னால் தள்ளி உட்கார்ந்துவிட்டார்கள். நான் இண்டெக்ஸுக்குப் பெயரை மாற்றினேனே தவிர, அதைப் புதிதாகக் கட்டவில்லை. பெயர் புதுசு, புத்தி பழசு. இது எனக்குப் புரிவதற்குள் இரண்டு நாள் போய்விட்டது. புரிந்த பிறகு இண்டெக்ஸை அழித்துப் புதிதாகக் கட்டினேன். அதற்குள் ஆசிரமத்துப் பக்கம் ஒரு வீட்டில், வீட்டுச் சொந்தக்காரர் ஊரில் இல்லாத நேரத்தில், வாடகைக்கு இருந்த வெள்ளைக்காரரின் அறையில் ஏழுமலை ஒரு சிலிண்டரை இறக்கிவிட்டு வந்திருந்தான். அந்த மனுஷன் வேட்டி கட்டிக்கொண்டு மறுநாள் கடைக்கே வந்தார். கைகூப்பினார். ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிச் சொன்னார்: "அம்மா, ரொம்ப நன்றி. பெரிய மனசு. ஆனா நான் வாழைப்பழம் மட்டும்தான் சாப்பிடறேன்."

காலையில் உண்டு, மதியம் இல்லை

இண்டெக்ஸ் சரியானதும் எனக்கு மூச்சு வந்தது. புது இணைப்புக் கொடுக்க வேண்டியவர்களின் பட்டியலைக் காத்துவிலிருந்து அச்சடித்து கவுண்டரில் ஒட்டினேன். ஒவ்வொருவராக வந்து அடுப்பும் சிலிண்டரும் வாங்கிப் போனார்கள். மாதம் முடியும் தறுவாயில் சாவித்திரி வந்தார். அது காலை நேரம், கம்ப்யூட்டரில் பச்சையப்பன் சாருடைய முறை. சாவித்திரி கவுண்டரில் நின்று மலையைக் காட்டினார். பச்சையப்பன் சார் திரைக்குள் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, "அடி அண்ணாமலை அருணாசலம்தானே? இருக்கீங்கம்மா, மேலாலயே இருக்கீங்க. கலாம்மா மத்தியானம் சீட்டு எழுதிக் குடுக்கும்" என்றார். சாவித்திரி கோயிலுக்குப் போய் உட்கார்ந்திருந்துவிட்டு மதியம் வந்தார்.

மதியம் நான் பார்த்தேன். அடி அண்ணாமலையில் ஒரே ஒரு அருணாசலம்தான் இருந்தார். கே. அருணாசலம். பதிந்தது சமீபத்தில்தான், அவருடைய முறை வர இன்னும் எத்தனையோ பேர் இருந்தார்கள். "உங்க வரிசை இன்னும் வரலீங்க" என்றேன். சாவித்திரிக்கு ஒன்றும் ஓடவில்லை. எனக்கும்தான். நான் பச்சையப்பன் சாரைப் பார்த்தேன். அவர், "நான் பாத்தேனே, இருந்தாங்களே" என்றார். மறுநாள் காலையும் அதே கதை. அவர் பார்த்தால் இருக்கிறார், நான் பார்த்தால் இல்லை. மூன்றாம் நாள் சாவித்திரி இருமிக்கொண்டே வந்தார். முகம் வெளுத்து, உதடெல்லாம் வறண்டு போயிருந்தது. அதைப் பார்க்க எனக்கு அழுகையே வந்துவிட்டது. கவுண்டர் கட்டையைப் பிடித்துக்கொண்டு, கோபப்படக்கூட மூச்சு இல்லாமல் மெதுவாகக் கேட்டார்: "காலைல வந்தா இருக்கேன்றாரு. மத்தியானம் வந்தா இல்லேன்ற. நான் எந்நேரத்துக்கு வந்தா எனக்கு கேஸ் உண்டு, அத்த மட்டும் சொல்லு கண்ணு."

ஒரே தட்டு

அன்று பச்சையப்பன் சார் வேலை செய்யும்போது பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். அவர் நிதானமாகத் திறந்தது மாலாவை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாலாவுக்குத்தான் பெயர் மாற்றி எத்தனையோ நாள் ஆயிற்றே. அப்புறம்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பதிவு வரிசையைப் பார்க்க அவர் மட்டும் பயன்படுத்தும் ஒரு சின்னப் புரோகிராம் வேறொரு மூலையில் இருந்திருக்கிறது. அது என் கண்ணில் படவில்லை, அதில் மாலா என்ற பெயரை நான் திருத்தவும் இல்லை. பெயர் மாற்றிய மறுநாள் அது மாலாவைக் காணோம் என்று நின்றுவிட்டதாம். பச்சையப்பன் சார் என்னைத் தொந்தரவு பண்ண வேண்டாம் என்று, நான் எடுத்து வைத்திருந்த பிளாப்பியிலிருந்து மாலாவைத் திரும்பக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார். அன்றிலிருந்து காலையில் அவர் மாலாவோடு, மதியம் நான் காத்துவோடு. இரண்டும் ஒன்று என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஒன்றுதான் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாலாவில் அடி அண்ணாமலை அருணாசலங்கள் இரண்டு பேர் இருந்தார்கள். எம். ஒருவர், கே. ஒருவர். எம். அருணாசலம் மிகப் பழைய பதிவு, வரிசையில் மேலே. ஆனால் அவருக்கு நேரே 'இணைப்பு கொடுத்தாயிற்று' என்ற குறி இருந்தது. பச்சையப்பன் சாரின் புரோகிராம் அந்தக் குறியைக் காட்டாது. பாய் சொன்னபடி இணைப்பு வாங்கினவர்களை நான் எடுத்தபோது அவரும் போயிருக்கிறார். அப்படியானால் சாவித்திரியின் வீட்டுக்காரர் எம்.மா, கே.வா? எம். என்றால் இணைப்புக் கொடுத்தாயிற்றே, அது எங்கே? கே. என்றால் இத்தனை வருஷம் எப்படிக் காத்திருக்க முடியும்? எனக்குத் தலை சுற்றியது. இரண்டு பெயரில் இரண்டு ஃபைல் இருப்பதன் ஆபத்தைப் பச்சையப்பன் சாருக்கு என்னால் முடிந்தவரை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, உண்மையாகவே குழம்பிப் போய்ச் சொன்னார்: "எம் பையனுக்கு எங்கப்பா பேரு. மாமனாரு பேரைச் சொல்லி எம் பொண்டாட்டி எப்டிக் கூப்புடுவா? அதனால ஊட்ல பாபு. ரெண்டு பேரு இருக்குதுன்னு சோத்துக்கு ரெண்டு தட்டா வெக்கறோம்?"

ஜன்னல் இல்லாத அறை

மாதத்தின் கடைசி நாள். ஆபீசர் காலையிலேயே வந்து ஏ.சி. அறையில் உட்கார்ந்துவிட்டார். நல்ல மனுஷர்தான், ஆனால் விதி என்றால் விதி. கொடுக்காமல் ஒரே ஒரு இணைப்பு மிச்சம் இருந்தது. சாயந்திரம் அவர் கையெழுத்துப் போட்டுவிட்டால் அது கம்பெனிக்குத் திரும்பிப் போய்விடும். பாய் விஷயத்தைச் சொன்னதும் சாவித்திரியை உள்ளே கூட்டிவரச் சொன்னார் ஆபீசர். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்த சாவித்திரிக்கு அந்தக் குளிரில் இருமல் அதிகமாகிவிட்டது. பாய் ஓடிப்போய் ஏ.சி.யை நிறுத்தினார். நான் மாலாவைத் திறந்து காட்டினேன். ஆபீசர் எம். அருணாசலத்துக்கு நேரே இருந்த குறியைப் பார்த்ததும் கையை விரித்தார். ஒரே ஆளுக்கு இரண்டு இணைப்பு கொடுக்க முடியாது. "குடுத்திருந்தா நான் ஏன் சார் புகையில கெடக்கறேன்? எங்க ஊரு கோயில் தெருவுல ஒருத்தரு ஊட்லதான் போன தை மாசமே கேஸ் வந்துச்சு. அவரு பேரும் இவரு பேருதான்" என்றார் சாவித்திரி. "எவர் பேர்?" என்றார் ஆபீசர். சாவித்திரி வழக்கம்போல் கையை நீட்டினார். அங்கே மலை இல்லை, செங்கல் வைத்து அடைத்த சுவர்தான் இருந்தது. ஆபீசர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் பேரும் அவங்கப்பா பேரும் சொன்னீங்கன்னா எந்த அருணாசலம்னு பாத்துடலாம்" என்றேன். நீட்டின கையை சாவித்திரி மடக்கிக்கொண்டார். பாய் தலையைக் குனிந்துகொண்டார். பச்சையப்பன் சார் திரைப் பக்கம் திரும்பி நின்றார். சாவித்திரி தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தரையைப் பார்த்து, "முருகேசன் மவன் அருணாசலம்" என்றார். எம். நான் வாடிக்கை ஃபைலைத் திறந்தேன். அடி அண்ணாமலையில் கேஸ் எரியும் அருணாசலம் ஒருவர்தான், சிபாரிசுக் கடிதம் கொண்டுவந்து வரிசையைத் தாண்டி வாங்கியவர், அவர் கே. ஆக, கே.வுக்குப் போட வேண்டிய குறி எம். மேல் விழுந்திருக்கிறது. ஆபீசர் இரண்டு ஃபைலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பேனாவை எடுத்து அனுமதி எழுதினார். நான் சீட்டை அச்சடித்து நீட்டினேன். சாவித்திரி சீட்டை வாங்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஊட்டுக்காரரு பேரை அவரு எதுர்லயே சொன்னதில்ல, மாமனாரு பேரை சாமி எதுர்லகூட சொன்னதில்ல. உன் பொட்டிக்காக ரெண்டையும் சொல்லிட்டேன். அதுக்குக் காது கேட்டுதா இல்லியா, அத்த மொதல்ல சொல்லு."

ஒரே மலை

ஆபீசர் போன பிறகு பாய் பச்சையப்பன் சாரைப் பிடித்துக்கொண்டார். தை மாதம் கோயில் தெரு அம்மா வந்தபோது குறி போட்டது அவர்தான். எனக்கு அவர்மேல் கோபப்பட முடியவில்லை. பிளாப்பியிலிருந்து மாலாவை அவர் எழுப்பி உட்கார வைக்காமல் இருந்திருந்தால் எம். அருணாசலம் என்று ஒருவர் பதிந்திருந்ததே எங்கள் யார் நினைவுக்கும் வந்திருக்காது. சாவித்திரியை வரிசை வரவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டு நான் நிம்மதியாகச் சைக்கிளை மிதித்திருப்பேன். அவர் பண்ணியது தப்பா, சரியா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பாய்க்கும் தெரியவில்லை. "மாலா பாட்டுக்கு ஒரு ஓரமா இருக்கட்டும்மா, இப்பைக்கு எடுத்துடாத. ஆனா யாரும் அதுல எழுத வேணாம்" என்று மட்டும் என்னிடம் சொன்னார். பெரிய பெரிய புத்தகங்களில் இதையேதான் வேறு வார்த்தைகளில் போட்டிருக்கிறார்கள் என்று பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். எப்படியப்பா இந்தத் தப்பைப் பண்ணினாய் என்று பாய் கேட்டதற்குப் பச்சையப்பன் சார் சொன்ன பதில் எந்தப் புத்தகத்திலும் இல்லை: "ரெண்டு அம்மாவும் ஒரே மலையைத்தானே பாய் காட்னாங்க, அதுல எது யாரு புருஷன்னு நான் எப்டிக் கண்டுபுடிக்கறது?"

மறுபடியும்

சாவித்திரி வீட்டில் அடுப்பு எரிந்தது. ஏழுமலைதான் கொண்டுபோய் இறக்கிப் பொருத்திவிட்டு வந்தான். முதல் காப்பி அவனுக்குத்தான் என்று பெருமையாகச் சொன்னான். அப்புறம் நான் எல்லாப் புரோகிராமையும் மூலை மூலையாகத் தேடித் திருத்தினேன். புது வாடிக்கையாளர் எண் எழுதிய அட்டைகளை எல்லோருக்கும் கொடுத்தோம். இனிமேல் யாரும் யார் பெயரையும் சொல்ல வேண்டியதில்லை, அட்டையைக் காட்டினால் போதும் என்று போர்டும் வைத்தோம். அந்தப் போர்டை எழுதியபோது எனக்கு இருந்த சந்தோஷம் சொல்லி மாளாது.

முதல் சிலிண்டர் தீர்ந்ததும் சாவித்திரி வந்தார். படியேறி வந்தும் மூச்சு வாங்கவில்லை, நான் அதைத்தான் முதலில் கவனித்தேன். கூட மகளையும் கூட்டி வந்திருந்தார். "அட்டை எங்கம்மா?" என்றேன். வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருக்கிறாராம். "சரி, பேரு?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். சாவித்திரி சிரித்துக்கொண்டே கையை நீட்டி மலையைக் காட்டினார். "அம்மா, அன்னிக்குச் சொன்னீங்களே" என்றேன். கையை இறக்காமலே சொன்னார்: "ஒருக்கா சொன்னேன், சாமி கண்ண மூடிக்குனாரு. இன்னொருக்கா கேட்டா அவரு என்னா பண்ணுவாரு? உன் பொட்டிக்கு மறந்துபோச்சுன்னா நீயே அதுங்காதுல சொல்லு கண்ணு, நீதான் பேரு வெச்சவ."

ஆகவே, சக துன்பவாசிகளே, ஃபைலுக்குப் பெயர் மாற்றுவதும் இண்டெக்ஸைப் புதிதாகக் கட்டுவதும் எனக்கு இப்போது தண்ணீர் பட்ட பாடு. பழைய பெயரை விடாமல் சொல்லிக்கொண்டிருப்பவர்களையும், எந்தப் பெயரையும் சொல்லாமல் மலையைக் காட்டிக்கொண்டு நிற்பவர்களையும் எந்த டேபிளில் போடுவது என்பதுதான் இன்றுவரை விளங்கவில்லை.